இறந்தோர் நாளுக்கு வீட்டில் ஒஃப்ரெந்தா அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இறந்தவர்கள் தங்கள் வீடுகளுக்கு வந்து போகிறார்கள் என்பது நம்பிக்கை. அவர்களுக்காக வீட்டுக்குள் அமைக்கும் படையல் மேடைக்கு ஒஃப்ரெந்தா என்று பெயர். புவெப்லா நகரில் குடியிருக்கும் நான், பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் கற்றுக்கொண்டு ஐந்து ஆண்டுகளாக இதை அமைத்து வருகிறேன். புதிதாகக் குடிவந்த சிலருக்குக் கூடவே நின்று உதவியும் இருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பொருள்கள் எல்லாம் சரியாக இருக்கும், வரிசை தவறியிருக்கும்.

இதை அலங்காரம் என்று நினைத்துத் தொடங்கினால் அந்த வரிசை பிடிபடாது. நெடுந்தூரம் நடந்து களைத்து வரும் ஒரு விருந்தாளிக்கு வழி காட்டி, தாகம் தீர்த்து, சாப்பாடு போட்டு, மறுநாள் வழியனுப்பி வைக்கும் ஏற்பாடு என்று நினைத்தால், எதை எப்போது வைப்பது என்பது தானே விளங்கும். கீழே சொல்வது புவெப்லா வட்டார வழக்கம். மிச்சோவகான், யுகத்தான் மாநிலங்களில் உணவும் உருவமும் வேறுபடும். ஆனால் வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

1. யாருக்காக என்பதை முதலில் எழுதி வையுங்கள்

ஒரு தாளில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று குறிப்புகள் எழுதவும்: குழந்தையா பெரியவரா, எப்படி இறந்தார், விரும்பிச் சாப்பிட்டது என்ன. இந்த ஒரு தாளிலிருந்துதான் மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கை, தட்டுகளின் எண்ணிக்கை, சமையல், நாள் எல்லாம் முடிவாகின்றன. கடைக்குப் போய்ப் பொருள் வாங்கிய பிறகு பெயர்களை யோசிப்பவர்கள் இரண்டாவது முறையும் கடைக்குப் போக நேரிடும்.

புவெப்லாவின் பல வீடுகளில் அக்டோபர் 28 விபத்திலோ வன்முறையிலோ இறந்தவர்களுக்கு உரியது. அக்டோபர் 31 நண்பகலில் குழந்தைகள் வருகிறார்கள். நவம்பர் 1 நண்பகலில் அவர்கள் விடைபெற, பெரியவர்கள் வருகிறார்கள். நவம்பர் 2 நண்பகலில் பெரியவர்களும் புறப்பட்டு விடுகிறார்கள். ஊருக்கு ஊர் இந்த நேரங்கள் சற்று முன்பின் ஆகலாம். அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது. நவம்பர் 1 மாலை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து சாவகாசமாகத் தொடங்குபவர்களுக்கு, அந்த வழக்கின்படி, பாதி விருந்தாளிகள் ஏற்கெனவே வந்து போய்விட்டார்கள்.

கடந்த ஓராண்டுக்குள் இறந்தவர் இருந்தால் தனியாகக் கவனிக்க வேண்டும். புவெப்லா மாநிலத்தின் வாக்கெச்சூலா ஊரில் அத்தகையவர்களுக்கு வெள்ளைச் சாட்டின் துணி போர்த்திய, கூரையைத் தொடும் அடுக்கு மேடைகளை அமைக்கிறார்கள். ஊரார் மெழுகுவர்த்தியோ பூவோ கொண்டுவந்து பார்க்கிறார்கள், வந்தவர்களுக்கு வீட்டார் உணவு கொடுக்கிறார்கள். அந்த அளவு வேலை ஒரு குடும்பத்தின் கையை மீறியது. புதியவர்கள் அதன் படத்தைப் பார்த்துவிட்டு அதையே முயல வேண்டாம்.

2. நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

வேலைகள் எவ்வளவு சீக்கிரம் வாடும், கெடும் என்பதை வைத்து அவற்றை அடுக்க வேண்டும். காகிதம் மாதக்கணக்கில் இருக்கும். சர்க்கரை உருவங்கள் வாரக்கணக்கில் இருக்கும். ரொட்டி மூன்று நாள். வெட்டிய செண்டுமல்லிப் பூ மூன்று நாள். உதிர்த்த இதழ் ஒரே நாள். சமைத்த உணவு சில மணி நேரம். எனவே அக்டோபர் நடுவில் காகித வேலை, அக்டோபர் 20 வாக்கில் சர்க்கரை வேலை, 28 அன்று மேடை, 29 அல்லது 30 அன்று ரொட்டியும் பூவும், 31 காலை இதழ்ப் பாதை, அதன் பிறகே சமையல்.

பூவை முதல் வேலையாக வாங்கி வைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அக்டோபர் இரண்டாம் வாரமே சந்தையில் ஆரஞ்சு நிறம் கொட்டிக் கிடப்பதைப் பார்த்து மனம் பறிகொடுத்து, கட்டுக் கட்டாக வாங்கி விடுகிறார்கள். வேர் உள்ள தொட்டிச் செடியாக இருந்தால் சீக்கிரமே வாங்கலாம். வெட்டிய பூவை வாங்கக் கூடாது.

3. காகிதத் தோரணம்

பாப்பெல் பிக்காடோ என்பது மெல்லிய பட்டுக் காகிதத்தில் உருவங்களைத் துளையிட்டுக் கட்டும் தோரணம். புவெப்லாவின் சான் சல்வடோர் வீஷ்கொலோட்லா ஊர்க் கைவினைஞர்கள் காகிதங்களைக் கற்றையாக அடுக்கி, ஈயத் தகட்டின் மேல் வைத்து, சிற்றுளிகளால் ஒரே முறையில் வெட்டுகிறார்கள். வீட்டில் அது இயலாது. மடித்துக் கத்தரிப்பதே நமக்கு உரிய வழி.

ஒரு தாளைச் சுமார் 35 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் உள்ள துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் மேல் ஓரத்தில் 2 செ.மீ. அளவைப் பென்சிலால் குறித்து விடுங்கள். அந்தப் பட்டையில் கத்தரி படவே கூடாது, ஏனெனில் நூல் அங்கேதான் மடித்து ஒட்டப்படும். பிறகு துண்டை இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நடுவில் மடித்து, மடிப்பின் மேல் பாதி உருவத்தை வரையுங்கள். மண்டையோட்டின் பாதி முகம், அதாவது ஒரு கண், பாதி மூக்கு, பாதி வாய் போதும். விரித்தால் முழு முகம் கிடைக்கும்.

ஒரே நேரத்தில் மூன்று தாளுக்கு மேல் அடுக்காதீர்கள். நான்காவது தாள் நழுவும், உருவம் கோணும். சிறிய உள் துளைகளை முதலில் வெட்டி, வெளி ஓரத்தின் வளைவுகளைக் கடைசியில் வெட்ட வேண்டும். ஓரத்தை முதலில் வெட்டினால் பிடிப்பதற்கு இடமில்லாமல் தாள் கிழிந்து விடும். இரண்டு துளைகளுக்கு நடுவே குறைந்தது அரை செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

நூலில் கட்டும்போது தாள்களை நெருக்கி ஒட்ட வேண்டாம். தோரணம் காற்றில் அசைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேடையில் தண்ணீர் நீரையும், சுடர் நெருப்பையும், விளைபொருள்கள் நிலத்தையும் குறிப்பதுபோல இந்தக் காகிதம் காற்றைக் குறிக்கிறது. சுவரோடு சேர்த்து ஒட்டுநாடாவால் நான்கு மூலையிலும் ஒட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் அசையாத தோரணம் அந்த மேடையில் எந்த வேலையும் செய்யவில்லை.

4. சர்க்கரை மண்டையோடுகள்

அல்ஃபெஞீக்கே என்னும் சர்க்கரைக் கைவினைக்குத் தொலூக்கா நகரம் பெயர் பெற்றது; புவெப்லாவிலும் சந்தைகளில் இவை தாராளமாகக் கிடைக்கும். முதல் ஆண்டில் வாங்கிக்கொள்வதே என் பரிந்துரை. செய்துதான் பார்ப்பேன் என்பவர்களுக்கு எளிய முறை இது: ஒரு கோப்பைச் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி மெரிங் பொடி, ஒரு தேக்கரண்டி தண்ணீர். மெரிங் பொடி என்பது உலர்த்திய முட்டை வெள்ளைக்கருப் பொடி; அதுதான் சர்க்கரையை இறுக்கிப் பிடிக்கிறது.

உலர்ந்த பொருள்களை நன்றாகக் கலந்த பிறகே தண்ணீரைத் தெளிக்க வேண்டும். பிறகு கையால் பிசறி, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். விரல் தடம் அப்படியே நின்றால் பதம் சரி. அது கடற்கரையின் ஈர மணல் போல இருக்க வேண்டும். உதிர்ந்தால் சில துளி நீர் போதும்; பளபளத்தால் நீர் மிகுந்துவிட்டது, சர்க்கரை சேர்க்க வேண்டும். கலவையை அச்சில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பி, பின்பக்கத்தைத் தட்டையாக வழித்து, மேலே ஓர் அட்டையை வைத்துச் சட்டென்று கவிழ்த்து, அச்சை நேராக மேலே தூக்குங்கள். பீங்கான் தட்டில் கவிழ்த்தால் அடியில் ஈரம் தங்கிவிடும். அட்டை அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

எட்டு மணி நேரமாவது அசைக்காமல் உலர விட வேண்டும். மழை நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எத்தனை நாளானாலும் இறுகாது. அடுப்பின் சூட்டில் உலர்த்தி விரைவுபடுத்தலாம் என்று நினைத்த என் முதல் முயற்சி, மஞ்சளித்துச் சரிந்த மூன்று முகங்களோடு முடிந்தது.

உலர்ந்த பின் சர்க்கரைப் பாகுக் குழைவால் கோலமிட்டு, நெற்றியில் பெயர் எழுதலாம். உயிரோடு இருக்கும் நண்பரின் பெயர் எழுதிய மண்டையோட்டை அவருக்கே பரிசளிப்பது இங்கே அன்பின் அடையாளம். அதைப் பெற்றுக்கொண்ட புதியவர்கள் முகம் வெளிறுவதையும் கண்டிருக்கிறேன். மண்டையோட்டின் கண்ணில் ஒட்டும் பளபளக் காகிதம் உண்ணத் தக்கதன்று என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

5. இடமும் அடுக்குகளும்

வீட்டின் வாசற்கதவிலிருந்து தடையின்றி நடந்து சேரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாதையை இதழ்களால் வரைய வேண்டியிருப்பதால், நடுவில் சோபாவைச் சுற்றிப் போகும் மூலை உதவாது. திரைச்சீலைக்கு அருகிலும், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே காற்று பாயும் கோட்டிலும் அமைக்கக் கூடாது. சுடர் சாய்ந்தால் முதலில் பற்றுவது காகிதத் தோரணம்தான்.

இரண்டு அடுக்கு என்றால் மண்ணும் விண்ணும். மூன்று என்றால் அவற்றோடு கீழுலகமும் சேரும். ஏழு அடுக்கு அமைப்போரும் உண்டு. வீட்டுக்கு மூன்று போதும். ஒரு மேசை, அதன் பின்பாதியில் சந்தைப் பழக்கூடைப் பலகைப் பெட்டிகள் இரண்டைக் கவிழ்த்து வைத்தால் மேல் அடுக்கு. மேசைக்கு முன்னே தரையில் ஒரு கோரைப் பாய் விரித்தால் கீழ் அடுக்கு. பெத்தாத்தே எனப்படும் அந்தப் பாய் வருபவர் அமர்ந்து களைப்பாறுவதற்கு உரியது, எனவே அதன் மேல் பொருள்களை நெருக்கி அடுக்கக் கூடாது.

துணி விரிப்பதற்கு முன் அடுக்குகளைக் கையால் அழுத்தி அசைத்துப் பாருங்கள். ஆடினால் இப்போதே அட்டைத் துண்டு சொருகிச் சரிசெய்ய வேண்டும். தண்ணீரும் சுடரும் ஏறிய பிறகு முடியாது. மேசைமேல் முதலில் ஒரு ரப்பர் விரிப்பு, அதன்மேல் வெள்ளைத் துணி. செண்டுமல்லியின் சாறும், மோலே என்னும் மிளகாய்க் குழம்பும் மரத்தில் பட்டால் கறை எளிதில் போகாது.

மேடைக்கு மேலே ஒரு வளைவு கட்டுவது வழக்கம். இரு உலகங்களுக்கும் இடையே உள்ள வாசல் அது. கரும்பை வளைக்க முயலாதீர்கள், முறிந்து விடும். தோகையோடு கூடிய கரும்பை இருபுறமும் மேசைக் காலோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டி, மேலே தோகைகளை ஒன்றோடொன்று பிணைத்தால் வளைவு தானாகவே அமைகிறது. தோரணத்தை இப்போதே வளைவுக்குப் பின்புறம் கட்டி விடுங்கள். சுடர் ஏற்றும் இடத்துக்கும் காகிதத்தின் அடி ஓரத்துக்கும் இடையே குறைந்தது ஒரு முழம் இருக்க வேண்டும்.

6. படங்கள்

மேல் அடுக்கின் நடுவில் இறந்தவரின் படம் வரும். மூலப் படத்தை வைக்காதீர்கள். நகல் எடுத்துச் சட்டமிட்டு வையுங்கள். இரண்டு நாள் சாம்பிராணிப் புகையும் மெழுகு வெப்பமும் பழைய புகைப்படத்துக்கு ஆகாது.

படத்தில் உயிரோடு இருப்பவர் யாரும் இருக்கக் கூடாது என்பதை இங்கே கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். திருமணப் படத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மனைவி இன்னும் இருக்கிறார் என்பதை மறந்தவர்கள் உண்டு. நகலில் அவரைத் தவிர்த்து வெட்டிக்கொள்ளலாம். படமே இல்லாத முன்னோர்களுக்குப் பெயர் எழுதிய அட்டையோ, அவர் பயன்படுத்திய கருவியோ, தொப்பியோ போதும்.

7. தண்ணீர், உப்பு, சுடர்

நடு அடுக்கில் முதலில் வைக்க வேண்டியது ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீர். நடந்து வந்தவருக்கு உணவுக்கு முன் தாகம். அதற்கு அடுத்துச் சிறு கிண்ணத்தில் உப்பு. அது பயணத்தில் உடல் கெடாமல் காப்பதாகவும் தூய்மைப்படுத்துவதாகவும் சொல்கிறார்கள். கீழ் அடுக்கில் ஒரு சிறிய நீர்த்தொட்டி, சோப்பு, துவாலை, சீப்பு வைப்பதும் பழைய வழக்கம். சாப்பிட உட்காரும் முன் யார்தான் கை கழுவ மாட்டார்கள்? இதை அறியாத புதியவர்கள், படையலில் சோப்பு எதற்கு என்று எடுத்து விடுகிறார்கள்.

மறுநாள் காலையில் குவளையில் நீர்மட்டம் சற்று இறங்கியிருக்கும். பக்கத்து வீட்டு மூதாட்டி அதைக் காட்டி, “பார், குடித்துவிட்டுப் போயிருக்கிறார்” என்பார். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்நகரின் வறண்ட காற்றைப் பற்றி அவரிடம் பேசுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

மெழுகுவர்த்தி ஆளுக்கு ஒன்று. அதற்கு மேல் ஒன்று கூடுதலாக வேண்டும். நினைப்பதற்கு யாருமற்ற ஆன்மாவுக்கு அது. இந்தக் கூடுதல் சுடரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், அதனால் வாங்கும் பட்டியலில் முதலில் எழுதுகிறேன். நின்றெரியும் நீளமான மெழுகுவர்த்தியைவிட, வெலதோரா எனப்படும் கண்ணாடிக் குவளைச் சுடர் பாதுகாப்பானது. சாய்ந்தாலும் மெழுகு எளிதில் பரவாது. ஒவ்வொன்றின் அடியிலும் மண் தட்டு வையுங்கள், ஏனெனில் பல மணி நேரம் எரிந்த குவளையின் அடிப்பகுதி துணியைக் கருக்கும்.

8. ரொட்டி

இறந்தோர் ரொட்டியை நாடெங்கும் பான் தெ முவெர்த்தோ என்பார்கள். புவெப்லாவில் ஓஹால்த்ரா என்று கேட்டால் கொடுப்பார்கள். உருண்டையான ரொட்டியின் மேல் எலும்புகள் போலக் குறுக்கே பட்டைகள், நடுவில் ஓர் உருண்டை. மேலே சர்க்கரையோ எள்ளோ இருக்கும்.

வீட்டில் சுடுவதற்கு என் அளவு: மைதா 500 கிராம், சர்க்கரை 120 கிராம், உலர் ஈஸ்ட் 10 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, முட்டை 3, வெதுவெதுப்பான பால் 100 மி.லி., வெண்ணெய் 120 கிராம், ஓர் ஆரஞ்சின் தோல் துருவல், சிறிது சோம்பு. வெண்ணெயைத் தவிர மற்றவற்றைச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசைந்த பிறகே வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே கொழுப்பைச் சேர்த்தால் மாவின் நார்த்தன்மை உருவாகாமல் ரொட்டி கேக் போல உதிரும்.

மாவு இரு மடங்காக உப்பிய பின் ஐந்தில் ஒரு பங்கை எலும்புகளுக்காக எடுத்து வைத்து, அதில் மட்டும் ஒரு கைப்பிடி மைதா கூடுதலாகச் சேர்த்துப் பிசையுங்கள். ஒரே பதத்தில் விட்டால் சூட்டில் எலும்புகள் கரைந்து ரொட்டியோடு ஒன்றிவிடும். முதன்முறை செய்பவர்களின் ரொட்டி வெறும் பன்னாகத் தெரிவது இதனால்தான். எலும்புகளை முட்டை தடவி ஒட்டி, மீண்டும் உப்ப விட்டு, 180 பாகை செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் சுடவும். இந்த உயரத்தில் மாவு விரைவாக உப்பும். கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பது நல்லது.

உருக்கிய வெண்ணெயைத் தடவிச் சர்க்கரை தூவுவதை, ரொட்டி முழுவதும் ஆறிய பின் செய்யுங்கள். சூட்டில் தூவினால் சர்க்கரை இளகி மேற்பரப்பு பிசுபிசுக்கும்.

9. பூக்களும் பாதையும்

செம்பாசூச்சில் என்பது தமிழர்கள் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்று அறிந்த பூவேதான். அதன் தாயகம் மெக்சிகோ. இங்கே அட்லிஸ்கோ வட்டாரத்து வயல்களிலிருந்து கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வருகிறது. அதன் நிறத்தையும், அதைவிட முக்கியமாக மணத்தையும் பின்பற்றியே இறந்தவர்கள் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்பது நம்பிக்கை. எனவே வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காமல் ஒரு பூவைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். காகிதப் பூவும் பிளாஸ்டிக் பூவும் வளைவுக்குச் சரி, பாதைக்கு உதவா. அதனோடு கருஞ்சிவப்புக் கோழிக்கொண்டைப் பூவும் வைப்பது வழக்கம். குழந்தைகளின் படையலுக்கு வெள்ளைப் பூக்களைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தண்டின் கீழ் இலைகளை எல்லாம் உருவி, அடியைச் சாய்வாக வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். இலை தண்ணீரில் மூழ்கினால் ஒரே இரவில் அழுகி நாறும். மேடையின் ஜாடிகளில் கனமான மண் ஜாடிகளையே பயன்படுத்தவும். இந்தப் பூவுக்குத் தலைக்கனம் அதிகம், மெல்லிய கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து விடும்.

இதழ்களை உதிர்ப்பது அக்டோபர் 31 காலை வேலை. பூவின் தலையைப் பிடித்து, அடிப்பச்சையைக் கிள்ளி எறிந்தால் இதழ்கள் கொத்தாக வந்துவிடும். ஒரு சாண் அகலப் பாதைக்கு மீட்டருக்குச் சுமார் 15 பெரிய பூக்கள் என்பது என் கைக்கணக்கு. பாதையை மேடையிலிருந்து தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் நடந்தபடி தூவ வேண்டும். வாசலில் தொடங்கினால் தூவிய இதழ்களை நீங்களே மிதித்துக்கொண்டு உள்ளே திரும்ப வேண்டியிருக்கும். ஓடு பதித்த தரையில் நசுங்கிய இதழ் வழுக்கும், எனவே வீட்டார் நடக்கும் வழியை விட்டு ஓரமாகப் பாதை போகட்டும்.

பாதை வாசற்படியோடு நின்றுவிடக் கூடாது. தெருவிலிருந்து தெரியும்படி வெளியேயும் இரண்டு அடியாவது நீள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் படிக்கட்டு முழுவதும் தூவ அனுமதி கிடைக்கவில்லை. கதவுக்கு வெளியே ஒரு சிறு சிலுவை வடிவம் அமைத்து, கீழே தெருவாசலில் ஒரு தொட்டிச் செடியை வைத்தோம். மூதாட்டி அதைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

10. கொப்பால் புகை

கொப்பால் என்பது இந்நாட்டு மரமொன்றின் பிசின். நம் சாம்பிராணியைப் போலவே தணலில் இட்டுப் புகைப்பது. அதற்கான மண் தூபக்கால்கள் புவெப்லாவின் லா லூஸ் பகுதிக் குயவர்களிடம் கிடைக்கும். தூபக்காலில் இரண்டு விரற்கடை மணல் நிரப்பி, அதன்மேல் கரித்துண்டை வைத்துப் பற்ற வையுங்கள். மணல் இல்லாவிட்டால் சூடு அடியில் இறங்கி மண்கலம் வெடிக்கக்கூடும்.

கரியின் மேற்பரப்பு முழுவதும் சாம்பல் பூத்த பிறகே பிசினை இட வேண்டும். கறுப்பாக இருக்கும்போது இட்டால் பிசின் உருகிக் கரியை அணைத்துவிடும். மணத்துக்குப் பதில் கண் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு பட்டாணி அளவு போதும். ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். தணல் உள்ள கலத்தைப் படுக்கையறையிலோ மூடிய அறையிலோ இரவு வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. வருகையின்போதும், மாலையிலும், விடை கொடுக்கும்போதும் என மூன்று வேளை புகைத்தால் போதும்.

11. உணவு

உணவு கடைசியில்தான் வரும். பழங்கள் மட்டும் முந்தைய நாளே வரலாம்: மாண்டரின் ஆரஞ்சு, கொய்யா, கரும்புத் துண்டு, தெஹொகோத்தே என்னும் சிறிய மஞ்சள் மலைப்பழம். பூசணியைக் கூம்பு வடிவ வெல்லத்திலும் இலவங்கப்பட்டையிலும் வேகவைத்த இனிப்பு இரண்டு நாள் தாங்கும், அதையும் முன்னதாகச் செய்யலாம்.

அக்டோபர் 31 நண்பகலில் குழந்தைகளுக்கான தட்டு: பால், இனிப்பு, தமாலே என்னும் காரமில்லாத சோளமாவுக் கொழுக்கட்டை, பொம்மைகள், சிறிய கிண்ணங்கள். மிளகாயும் மதுவும் இந்த நேரத்தில் மேடையில் இருக்கக் கூடாது. நவம்பர் 1 நண்பகலில் அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவர்களுக்கான தட்டுகள்: கோழி போட்ட மோலே, சோறு, அத்தோலே என்னும் சூடான சோளமாவுக் கஞ்சி, அவரவர் விரும்பிய மது, சிகரெட் பிடித்தவருக்குச் சிகரெட். புதியவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துவிடுகிறார்கள். குழந்தைத் தட்டுக்குப் பக்கத்தில் மெஸ்கால் புட்டி நிற்பதைக் கண்டு உள்ளூர்க்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள்.

உணவைச் சூடாக வையுங்கள். இறந்தவர்கள் உண்பது மணத்தை. ஆறிப்போன மோலேயில் மணம் எழாது. படையலுக்கு முன் ருசி பார்ப்பதைப் பல வீடுகளில் விரும்புவதில்லை, எனவே உப்பும் காரமும் அளந்தே போட வேண்டும். பட்டியல் தாளை இங்கே மறுபடி எடுத்துப் பாருங்கள். பாட்டிக்குப் பிடித்தது மோலே அன்று, கடைப் பிஸ்கட்டும் காபியும்தான் என்றால், அதையே வைக்க வேண்டும்.

சமைத்ததில் சிறு கிண்ண அளவு மட்டும் மேடைக்குப் போகட்டும்; மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரவு முழுவதும் வெளியில் இருந்த கோழிக் குழம்பை மறுநாள் உண்ணச் சொல்வதற்கு எந்த மரபும் போதிய காரணம் ஆகாது. ரொட்டியும் பழமும் இனிப்பும் பிறகு பகிர்வதற்குப் போதும்.

12. இரண்டு நாள் கவனிப்பு

காலையில் தண்ணீரை மாற்றுங்கள், வாடிய இதழ்களின் மேல் புதியவற்றைத் தூவுங்கள், அணைந்த சுடருக்குப் பதில் புதியதை ஏற்றுங்கள். மேசைக் கால்களின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. சர்க்கரையும் ரொட்டியும் இருக்கும் மேடைக்கு இது அவசியம். பூனை வளர்ப்பவர்கள் அறைக் கதவை மூடி வைக்கட்டும். எல்லோரும் தூங்கப் போகும்போது எரியும் சுடர்களை அணைத்துவிட்டு ஒரு சிறு மின்விளக்கை விட்டு வைப்பது என் வழக்கம். மூதாட்டி அதை ஏற்கவில்லை, தன் வீட்டில் இரவெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்கிறார்கள்.

13. மேடையை எடுத்தல்

நவம்பர் 2 நண்பகலில் கடைசி முறை கொப்பால் புகைத்து விடை கொடுத்த பிறகே எதையும் தொட வேண்டும். பல குடும்பங்கள் அன்று கல்லறைக்குப் போய் அங்கே பூக்களை வைக்கின்றன, எனவே நல்ல பூக்களை அதற்கு ஒதுக்குங்கள். பழம், ரொட்டி, இனிப்பு ஆகியவற்றைக் கூடையில் இட்டு அண்டை வீடுகளுக்கும் உறவினர்களுக்கும் கொடுத்தனுப்புவார்கள். அவர்களிடமிருந்தும் ஒரு கூடை வரும். வந்த கூடையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

எடுக்கும்போது வைத்த வரிசையை ஏறக்குறையத் தலைகீழாக்கினால் போதும்: உணவு, சுடர், பூ, படம், துணி, கடைசியில் தோரணம். தோரணத்தைச் சுருட்டாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். நன்கு முற்றிக் காய்ந்த பூக்கள் சிலவற்றைக் காகிதப் பையில் போட்டு வையுங்கள். இதழின் அடியில் ஊசிபோல் நீண்டிருக்கும் கறுத்த விதைகளை ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தொட்டியில் தூவினால், அக்டோபர் இறுதியில் வாசலுக்கான செடி தயாராக இருக்கும்.